மனநல ஆலோசனை: தேடும் பொறுப்பு யாருடையது?

ஆரணிப் பட்டு என்ற பெயரில் வெளியூர்க் கடைகளில் விரித்துக் காட்டப்படும் புடவைகள் எல்லாம் ஆரணி நகரத்துக்குள்ளேயே நெய்யப்பட்டவை அல்ல. ஆரணி, போளூர், சேத்துப்பட்டு ஆகிய ஊர்களுக்கு நடுவே, கனககிரி மலையின் அடிவாரத்தில், பெரியநாயகி அம்மன் கோயிலைச் சூழ்ந்து அமைந்திருக்கும் தேவிகாபுரம் போன்ற ஊர்களில், வீட்டுத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் குனிந்திருக்கும் குடும்பங்கள் நெய்து அனுப்பியவையும் அவற்றில் உண்டு. இவ்வூர்களில் உடம்புக்கு ஒரு வியாதி வந்தால் எங்கே போவது என்பதில் யாருக்கும் மயக்கம் இல்லை. காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம், எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு, அதற்கும் மிஞ்சிய பெரிய வியாதி என்றால் வேலூர் சி.எம்.சி. என்று, எழுதப்படாத ஒரு வழிகாட்டி எல்லோர் நாவிலும் இருக்கிறது. ஆனால் மூன்று மாதமாக உறக்கமில்லாமல் பாதி நெய்த பாவையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கோ, பிரசவத்துக்குப் பின் குழந்தையைத் தூக்க மனமின்றிச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கோ யாரிடம் போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் மந்திரிக்கச் சொல்வார், ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்பார், ஒருவர் நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்பார், மற்றவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மனத்தின் நோய்க்கு மாத்திரையால் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. கேட்பதனாலும் பேசுவதனாலும் செய்யும் வைத்தியம் வேறொன்று உண்டு. மனநல ஆலோசனை என்றும், ஜனங்கள் வாக்கில் கவுன்சலிங் என்றும் வழங்கும் இந்த இரண்டாவது வைத்தியத்தின் நிறைகுறைகளை நிதானமாக எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இச்சிகிச்சை மெய்யாகவே பலன் தருவது. நல்ல ஆலோசகர் ஒருவர் வாய்த்தவர்கள் நோயிலிருந்து மீண்டு வந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், நல்லவர் யார், கருணையுள்ளவர் யார், கற்றவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்கும் பாரத்தை, படுக்கையைவிட்டு எழுவதற்கே திராணியற்றிருக்கும் நோயாளியின் தலையிலேயே நாம் ஏற்றி வைத்திருக்கிறோம். இந்த முறையின் பெருங்குறை அதுதான்.

இந்தச் சிகிச்சை எதனால் பலிக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1957-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில், நாடி வந்தவரின் மனம் மாற்றம் அடைய வேண்டுமானால் ஆலோசகரிடம் இருக்க வேண்டிய குணங்களை வரையறுத்தார். போலித்தனமின்றித் தம் இயல்போடு இருத்தல், எதிரே இருப்பவரை எந்த நிபந்தனையும் இன்றி மதித்தல், அவர் நிற்கும் இடத்தில் தாமும் நின்று அவருடைய துன்பத்தை உணர்தல் ஆகியவை அவற்றில் தலையாயவை. 1960-களில் ஆரன் பெக் என்பவர், மனச்சோர்வுற்றவரின் மனத்தில் தாமாகவே எழும் எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது உண்மைதானா, இதற்கு என்ன ஆதாரம் என்று அவரோடு சேர்ந்தே விசாரித்துப் பார்க்கும் முறையை உருவாக்கினார். இவ்விரண்டும் வெவ்வேறு மார்க்கங்கள். ஆயினும், அதற்குப் பின் பல பத்தாண்டுகளாக நடந்துவந்த ஆராய்ச்சிகள், மார்க்கம் எதுவாயினும் ஆலோசகருக்கும் நாடி வந்தவருக்கும் இடையே ஏற்படும் நம்பிக்கையும் இணக்கமும் குணமடைவதோடு நெருங்கிய சம்பந்தம் உடையவை என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இது இச்சிகிச்சையின் மகிமை. இதிலேயே இதன் பலவீனமும் அடங்கியிருக்கிறது. கடுகடுத்த சுபாவமுள்ள ஓர் அறுவை வைத்தியர் கூடக் குடல்வாலைப் பழுதின்றி நீக்கிவிடலாம். கடுகடுத்த மனநல ஆலோசகரோ, தாம் பயன்படுத்த வேண்டிய கருவியையே முறித்துவிட்டுச் சிகிச்சைக்கு உட்கார்ந்தவர் ஆவார். உறவுதான் மருந்து என்றால், பொருந்தாத ஆளிடம் போய்ச் சேர்வது பொருந்தாத மருந்தை விழுங்குவதற்குச் சமானம். அந்தப் பொருத்தத்தையோ எந்தப் பெயர்ப்பலகையும் எழுதிக் காட்டுவதில்லை. இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்து, பணமும் நேரமும் செலவழித்து, மனத்தைத் திறந்து காட்டிய பிறகே அது தெரியவரும். பொருந்தவில்லை என்று தெரிந்தபின், திறந்து காட்டிய புண்ணோடு வேறொருவரைத் தேடிப் போக வேண்டும். பெரும்பாலோர் போவதில்லை. கவுன்சலிங் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் பிரயோஜனமில்லை என்று அவர்கள் சொல்வதற்குப் பின்னால், பெரும்பாலும் ஒரே ஓர் ஆலோசகர்தான் இருப்பார்.

தேடிப் போகலாம் என்றாலும் ஆள் எங்கே? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய் உடையவர்களில் நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை உரிய சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்று கண்டறிந்தது. தேசிய மனநலத் திட்டம் 1982-இலும், அதன் கிளையான மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலும் தொடங்கியவை என்பதை நினைக்கும்போது, இந்த எண்ணிக்கை மனத்தை வருத்துகிறது. மாவட்ட மனநலத் திட்டம் பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் உயர்ந்த மதில்களுக்குள்ளே பெரும்பாலும் அடைபட்டிருந்த மனநல வைத்தியத்தை மாவட்டத் தலைநகர் வரைக்கும், சில இடங்களில் தாலுகா மருத்துவமனை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். அதனால் மாத்திரை கிடைத்துக் குடும்பத்தோடு வாழ்கிறவர்கள் ஏராளம். ஆனால் அங்கே கிடைப்பது முதல் வைத்தியம். இரண்டாவது கிடைப்பது அரிது.

ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிகள் பார்க்கப்படும் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். பெஞ்சுகள் நிரம்பி, சுவரோரமாகத் தரையிலும் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் ஓரம் மடிந்த நோட்டு, மடியில் சோற்றுப் பொட்டலம், பக்கத்தில் துணைக்கு வந்த தாயோ தமையனோ. பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனால், மேஜைக்கு அந்தப்புறம் இருக்கும் டாக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்கிறார்: “தூக்கம் வருதா?” “வருது சார்.” “சாப்பிடறீங்களா?” “சாப்பிடறேன் சார்.” “அதே மாத்திரையைப் போடுங்க, அடுத்த மாசம் வாங்க.” இதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று, அவர் வாசற்படியில் நிற்கிறார். வந்தவர் இரவெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அந்த ஒரு விஷயத்தை, தம் மனைவிக்குக்கூடச் சொல்லாத அந்த விஷயத்தை, பின்னால் ஒருவர் நிற்கும்போது எப்படிச் சொல்வார்? டாக்டரைக் கருணையற்றவர் என்று நான் குற்றம் சாட்டவில்லை. வெளியே காத்திருக்கும் கூட்டத்தை அவரும் அறிவார். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் மருந்தின்றித் திரும்ப நேரும் என்பதையும் அறிவார். கருணையைச் செலுத்த அவகாசமில்லாத இடத்தில் கருணையாளரும் யந்திரமாகத்தான் இயங்க வேண்டியிருக்கிறது.

அவகாசம் உள்ளவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். ஆரணியைப் போன்ற எந்தச் சிறு நகரத்திலும் இன்று ‘குடும்ப நல ஆலோசனை’, ‘மன அழுத்த நிவாரணம்’, ‘நினைவாற்றல் பயிற்சி’ என்று பலகை தொங்கவிட்டிருப்பவர்களைக் காணலாம். இவர்களுள் முறையாகக் கற்றவர்களும் உண்டு. சில வாரப் பயிற்சியில் ஒரு சான்றிதழ் பெற்று, அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டு தொழில் நடத்துகிறவர், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். வெறுமனே ஆலோசகர் என்று சொல்லிக்கொள்கிறவருக்கோ நெடுங்காலம் அப்படி எந்தக் கட்டுப்பாடும் இருக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் தில்லியில் ஒரு சட்டம் பிறப்பதும், அது ஆரணிக் கடைத்தெரு வரைக்கும் நடந்து வந்து ஒரு பலகையின் முன்னே நின்று ‘உன் படிப்பு என்ன?’ என்று கேட்பதும் வெவ்வேறு காரியங்கள்.

படிப்பின்மை ஒருபுறம் இருக்கட்டும். இதைவிட எனக்குக் கவலை தருவது, ஆலோசனை என்ற பெயரால் நடக்கும் உபதேசம். குடிகாரப் புருஷனிடம் அடிபட்டு, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணத்தோடு வரும் ஒரு பெண்ணிடம், “பொம்பளைதாம்மா அனுசரிச்சுப் போகணும், புள்ளைங்க முகத்தைப் பாரு” என்று சொல்லி அனுப்புகிறவர் ஆலோசகர் ஆகார். அவள் ஏற்கெனவே மாமியாரிடமும், தாயிடமும், ஊர்ப் பெரியவரிடமும் கேட்டுவிட்ட அதே வார்த்தையை, கட்டணம் வாங்கிக்கொண்டு நான்காம் முறையாகச் சொல்கிறார், அவ்வளவே. தன் துன்பம் துன்பமே அல்ல என்பதற்குப் படித்தவர் ஒருவரின் அத்தாட்சியும் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு அவள் வீடு திரும்புகிறாள். இனி அவள் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். அன்பான குரலில் சொல்லப்பட்டாலும் இது அன்பு ஆகாது.

அப்படியானால் ஆலோசகர் வாயே திறவாத நடுநிலையாளராக, தூரத்தில் உட்கார்ந்து தலையசைப்பவராக இருக்க வேண்டுமா? மேனாட்டுப் பாடப் புத்தகங்களை அப்படியே பின்பற்றும் நகரத்து ஆலோசகர்கள் சிலர் அப்படித்தான் இருக்கிறார்கள். கிரீந்திரசேகர போஸ் 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய நாள் முதற்கொண்டே, வியன்னாவில் பிறந்த சிகிச்சை இந்த மண்ணின் மனிதருக்கு எந்த அளவு பொருந்தும் என்ற கேள்வி நம் அறிஞர்களை விடவில்லை. போஸ் அவர்களே, உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டுடன் கடிதம் வழியாகத் தம் மாறுபட்ட கருத்துகளை எடுத்துரைத்தவர். ஜஸ்வந்த் சிங் நேகி என்ற மனநல மருத்துவர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்திய நோயாளி வைத்தியரிடம் ஒரு குருவையே எதிர்பார்த்து வருகிறான், அவனுடைய சார்பைக் குற்றமாகக் கருதித் தள்ளிவிடாமல் குரு சிஷ்ய உறவையே சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாம் என்று வாதித்தார். இவ்வாதத்தில் பெரும் உண்மை இருக்கிறது. தேவிகாபுரத்திலிருந்து போகும் ஒருவர், “நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க சார்” என்று கேட்கும்போது, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று அவரையே திருப்பிக் கேட்டால், தம்மைக் கைவிட்டுவிட்டதாகவே அவருக்குத் தோன்றும். ஆனால் குருவின் பீடத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: அதில் உட்கார்ந்தவரைக் கேள்வி கேட்பாரில்லை. என் மதிப்பீட்டில், நல்ல ஆலோசகர் முதல் சில சந்திப்புகளில் கையைப் பிடித்துக்கொள்ளும் மூத்தவராக இருந்து, நாளடைவில் பிடியைத் தளர்த்தி, நாடி வந்தவர் தம் காலில் நிற்கும் நாளைத் தாமே விரும்பி எதிர்பார்ப்பவர். வருடக்கணக்கில் தம்மிடமே வரவழைத்துக்கொண்டிருப்பவர் எவ்வளவு இனிமையானவராயினும் அவரிடம் எச்சரிக்கை தேவை.

மனநல வைத்தியரிடம் போகாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் இந்தத் திறனாய்வு பூரணமாகாது. அவர்கள் கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறார்கள். நம் பக்கத்து ஜனங்களுக்குச் சோளிங்கர் மலை, திருச்சிப் பக்கத்தில் குணசீலம், தெற்கே ஏர்வாடி. படித்தவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பது வழக்கம். சுளிப்பதற்கு நியாயமும் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி வெந்து மாண்டார்கள். இறந்தோர் தொகை 28. நம்பிக்கையின் பெயரால் மனிதர்களைக் கட்டிப்போட்டுப் பணம் பண்ணிய அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அதற்கு அடுத்த வருடமே, 2002-இல், நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்ட மற்றோர் ஆய்வையும் இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். வேலாயுதம்பாளையம் புதூர் என்னும் சிற்றூரின் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். அது அவர்களை அச்சுறுத்தாத, ஆதரவான இடமாக இருந்தது. குடும்பத்தார் உடனிருக்க, காலையில் எழுந்து கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூஜையில் கலந்துகொள்வது என்று நாட்கள் போயின. தங்கியிருந்த காலத்தில் அவர்களுடைய நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மருந்து வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது அறிவீனம். கடுஞ்சொல் இல்லாத இடம், துரத்தாத மனிதர்கள், கைக்கு ஒரு வேலை ஆகியவற்றுக்கே ஒரு சிகிச்சைச் சக்தி உண்டு என்பதற்கு இது சான்று. நம் மருத்துவமனைகள் கோயிலிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

தேவிகாபுரத்தாருக்கு இதைப் புரியவைப்பது கடினமும் அல்ல. கனககிரி மலைமேல் இருக்கும் ஈசுவரனுக்கு வெந்நீரால் அபிஷேகம் நடக்கும் ஊர் இது. கிழங்கு தோண்டிய வேடன் ஒருவனின் ஆயுதம் பட்டு லிங்கத்தில் இரத்தம் கசிந்ததாகவும், பதறிப்போன அவன் காயத்தை ஆற்ற வெந்நீர் வார்த்ததாகவும் தல வரலாறு சொல்லும். தெய்வத்துக்கே காயம் படும், அந்தக் காயத்துக்கும் பரிவோடு சிகிச்சை செய்ய வேண்டும் என்று நம்பும் ஊரில், மனத்தில் பட்ட காயத்தை மட்டும் ஏன் மறைக்க வேண்டியிருக்கிறது?

ஏன் என்பதற்குக் காரணம் உண்டு; அதை அலட்சியம் செய்துவிட்டு எந்தத் திட்டம் போட்டாலும் பலிக்காது. தறியும் வீடும் ஒன்றாயிருக்கும் தெருவில் ஒருவர் தறி இரண்டு நாள் ஓசையற்றிருந்தாலே அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். இன்னார் மனநல டாக்டரிடம் போய் வருகிறார் என்ற செய்தி, அவருடைய தங்கைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களின் காதுக்கு அவர்கள் தெருவில் நுழையும் முன்பே எட்டிவிடும். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிச் சிரிக்கவைத்த நம் சினிமாவுக்கும் இந்தப் பயத்தை வளர்த்ததில் பங்குண்டு. ஆகவே நோயாளிக்கு, தம்மை யாரும் அறியாத தூரத்து ஊரின் ஆலோசகர் வேண்டியிருக்கிறார். ஆனால் அந்தத் தூரத்தவருக்கோ, தறி என்றால் என்ன, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஒருவரை எப்படிக் கட்டிப்போடும், ஜரிகை விலையும் விசைத்தறிப் போட்டியும் ஒரு வீட்டின் இரவுச் சோற்றை எப்படி மாற்றும் என்பதெல்லாம் தெரியாது. ‘வேலையிலிருந்து சில நாள் ஓய்வெடுங்கள்’ என்று அவர் சொல்லக்கூடும். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஓய்வு என்பது பட்டினி. அருகில் இருப்பவர் நம் வாழ்க்கையை அறிந்தவர், ஆனால் அவரிடம் இரகசியம் தங்குமா என்ற அச்சம். தூரத்தில் இருப்பவரிடம் இரகசியம் தங்கும், ஆனால் அவருக்கு நம் வாழ்க்கை புரியாது. சிற்றூர்க்காரரின் தேடலில் இருக்கும் இந்த இக்கட்டு நகரவாசிக்கு இல்லை.

பிரயாணச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போய்வர ஒரு பகல் முழுவதும் ஆகும். துணைக்கு ஒருவர் கூடப் போனால் நூல் சுற்றவும் ஆளின்றி அன்று அந்த வீட்டில் வேலையே நின்றுவிடும். ஆலோசனையோ ஒரு தடவையில் முடிகிற காரியமல்ல. வாராவாரம் சில மாதங்கள் போக வேண்டும். தனியார் ஆலோசகர்களின் கட்டணத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? பணக்காரரின் வியாதிக்கே உரிய சிகிச்சையாக இது ஆகிவிட்டது என்று கூறுவோரை நான் மறுக்கமாட்டேன்.

2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசிச் சேவை, பஸ் கட்டணமும் தெருவின் கண்களும் இல்லாத ஒரு வழியைத் திறந்திருக்கிறது. தமிழிலேயே பேசலாம், நடுநிசியிலும் பேசலாம். சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய ‘சிநேகா’ அமைப்பும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பவர்களின் குரலைக் கேட்கும் பணியைத் தொண்டர்களைக் கொண்டே செய்துவருகிறது. இவை உயிர் காப்பவை. ஒவ்வொரு தறி வீட்டின் சுவரிலும் அந்த எண் எழுதப்பட வேண்டும். ஆனால் அவசரத்துக்குக் கைகொடுக்கும் குரல் வேறு, நம்மை அறிந்து, சென்ற வாரம் நாம் சொன்னதை நினைவில் வைத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் மனிதர் வேறு. முன்னதைக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகப் பின்னது தேவையில்லை என்று அரசாங்கம் எண்ணிவிடலாகாது.

பின்னதை எப்படிக் கொடுப்பது? நல்ல வேளையாக, இதற்கு நாம் இருட்டில் தடவ வேண்டியதில்லை. வேலூர்ப் பாகாயத்தில் சி.எம்.சி. 1957-இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டிவைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, உறவினர் ஒருவர் உடன் தங்கியே தீர வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்து, குடும்பத்துக்கே நோயைப் பற்றிக் கற்பித்தது. தேவிகாபுரத்திலிருந்து ஒரு பஸ் பிரயாண தூரத்தில் இருக்கும் இந்த முன்மாதிரிக்கு நாம் போதிய மரியாதை செய்யவில்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்த சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பியது. பஸ்ஸுக்குள் நோயாளி உட்கார, சென்னையிலிருந்து மருத்துவர் காணொளி வழியாகப் பேச, மருந்தையும் அந்த வண்டியிலேயே கொடுத்தார்கள். குடிநோய்க்குச் சிகிச்சை தரும் சென்னை டி.டி.கே. மருத்துவமனையினர் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று, ஊரார் துணையுடன் முகாம் நடத்தியிருக்கிறார்கள்.

இவற்றினும் என்னை மிகவும் சிந்திக்கவைப்பவை கோவாவிலும் ஜிம்பாப்வேயிலும் நடந்த காரியங்கள். கோவாவின் ‘சங்காத்’ அமைப்பு, மனநலப் பட்டம் ஏதும் இல்லாத உள்ளூர் மனிதர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தது. கடும் மனச்சோர்வு உடையவர்களை ஆறு முதல் எட்டு முறை அவர்கள் சந்தித்துப் பேசியதனால், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்பதை 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்தில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், 2006-ஆம் ஆண்டு முதலாக, சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மர பெஞ்சைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை அதில் உட்காரவைத்தார். அவர்களிடம் வந்து பேசியவர்களின் நோய்க்குறிகள் ஆறு மாதத்தில் வெகுவாகக் குறைந்திருந்ததை 2016-இல் வெளியான ஆய்வு நிரூபித்தது. கருணையும் அவகாசமும் சாதாரண மனிதர்களிடம் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்கு முறையான பயிற்சியும், மேலிருந்து கவனிக்கும் நிபுணர் ஒருவரும் சேர்ந்தால் சிகிச்சையாகிவிடுகிறது. மேற்பார்வை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அது இல்லாமற்போனால், நாம் முன்னே பார்த்த ‘அனுசரித்துப் போ’ உபதேசம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும்.

இரகசியத்தைப் பற்றிய அச்சத்துக்கும் இதில் வழியுண்டு. ஆரணியில் பயிற்சி பெற்றவர் தேவிகாபுரத்துக்கும், தேவிகாபுரத்தில் பயிற்சி பெற்றவர் சேத்துப்பட்டுக்கும் வரட்டும்; தறியை அறிந்தவராகவும், அதே சமயம் தெருவைச் சேராதவராகவும் இருப்பார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு செலவில் மனநல சேவை பெறுவதையும், தம் நோயைப் பற்றிய விவரங்கள் வெளியாகாமல் காக்கப்படுவதையும் அது ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. உரிமை என்று சட்டமே சொல்லிவிட்ட ஒன்றை நோயாளிதான் ஊர் ஊராகத் தேடி அலைய வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமாகாது.

அதுவரையில் தேடித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கே படித்தீர்கள், எதில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று ஆலோசகரைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்லவர்கள் அதற்குக் கோபிப்பதில்லை. உங்களைப் பேசவிடுகிறாரா, சென்ற முறை சொன்னதை நினைவில் வைத்திருக்கிறாரா, மருந்து தேவைப்படும் நிலை இது என்று தோன்றினால் தயங்காமல் மருத்துவரிடம் அனுப்புகிறாரா என்று பாருங்கள். அவரிடமிருந்து ஒவ்வொரு முறையும் அவமானப்பட்ட உணர்ச்சியோடு வெளியே வருகிறீர்கள் என்றால், குறை உங்களிடம் இருப்பதாக எண்ணாமல் வேறொருவரிடம் போங்கள்.

தேவிகாபுரம், ஆரணி வட்டார நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இது: கூலி உயர்வையும் தள்ளுபடியையும் கேட்டு மனு எழுதும்போது, வாரத்தில் ஒரு நாள் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும், அவர் உட்காருவதற்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும் என்ற கோரிக்கையையும் அதில் சேருங்கள். அடுத்த மகாசபைக் கூட்டத்திலேயே அதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.